எட்டாம் நாள் மாவு

என் அண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. இணையத்தோடு சேராத சாமான் எதுவும் அவன் கண்ணுக்குச் சாமானாகவே படாது. விளக்கு என்றால் அது போனில் எரிய வேண்டும். சோற்றுப் பானை என்றால் அவன் நீலாய் டவுனில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி ரந்தாவில் இருக்கிற எங்கள் வீட்டு அரிசியை வேக வைக்க வேண்டும். அரிசியைக் களைந்து தண்ணீர் வைப்பது யார் என்று கேட்டால், அதற்கு மட்டும் அம்மா வேண்டும். இதைப் போய் வசதி என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு கெட்டியான முகம் வேண்டும் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் இருந்தது ரந்தாவுக்கு வெளியே உள்ள ஒரு தாமான் குடியிருப்பில். தோட்டம் கைமாறியபோது பழைய ஆட்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகள். முன்னால் ஒரு கேட், பின்னால் சமையலறைக் கதவு, அதற்குப் பின்னால் இரண்டு வரிசைக்கும் நடுவே சாக்கடை ஓடும் சந்து. அதைத் தாண்டினால் செம்பனை, எண்ணெய்ப் பனைக் காடு. அப்பா பாதி ஆயுளை அந்தச் செம்பனைக்குள் குலை வெட்டியே கழித்தவர். அப்புறம் முதுகு ஒத்துழைக்காமல் ஒரு கிடங்கில் காவலுக்கு உட்கார்ந்தார். அதுவும் போன பிறகு வீட்டில் இருந்தார். வீட்டில் இருக்கும் ஆம்பளைக்கு மாலையில் என்ன வேலை? கடைக்குப் போவார், தண்ணி போடுவார், வருவார். யாரையும் அடித்ததில்லை, ஏசியதில்லை. கொஞ்சம் சாய்ந்து நடப்பார், அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்குள் அண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு சாமானாகக் கொண்டுவந்து நுழைத்தான். முதலில் பல்பு. பிறகு பிளக். பிறகு வாசல் மணி, நெற்றியில் ஒரு கேமரா வைத்தது. கடைசியாகத் தரை கூட்டும் வட்டு. தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு, அடியில் சக்கரமும் பிரஷும். அப்பா கட்டிலுக்கு அடியில் அதற்கு ஒரு கூடு. அங்கிருந்து கிளம்பி வீட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து தானே கரண்ட் குடித்துக்கொள்ளும். கூட்டி முடித்ததும் ஒரு வெள்ளைக்காரி குரலில் அறிக்கை வேறு. அம்மா முதல் நாள் அதைப் பார்த்து, வெளக்கமாறு எங்கே வைத்தாய் என்றுதான் கேட்டாள்.

இந்தச் சாமான்களைக் கண்டு நான் பயப்படுகிறவள் இல்லை. எனக்கு வேலையே நீலாயில் ஒரு பேக்டரியில், இவற்றின் வயிற்றுக்குள் போகும் போர்டுகளைச் சோதித்து அனுப்பும் லைனில். கல்யாணமாகி நான் இருக்கும் தம்பினில் காலையில் ரயில் ஏறி, நாள் முழுக்க இதைத்தான் பார்க்கிறேன். நகத்தளவு சில்லு. அது வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டு எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரிடம், நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நாம் போனில் பொத்தானை அமுக்கினால் அந்தக் கட்டளை சாமானுக்கு நேராகப் போகாது. முதலில் கடல் தாண்டி அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகும். அது பார்த்து, சரி போ என்று திருப்பி அனுப்பினால்தான் நம் வீட்டுப் பல்பு எரியும். அடுத்த அறையில் இருக்கும் விளக்குக்கு வெளிநாட்டில் அனுமதி கேட்கிற வாழ்க்கை. யார் எப்போது எதை அமுக்கினார்கள் என்று அங்கே எழுதியும் வைத்துக்கொள்ளும். இது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் செய்வதைக் குறை சொன்னால் நீ என்ன செய்தாய் என்று கேட்பான். நான் ஒன்றும் செய்ததில்லை.

எல்லாச் சாமானையும் ஒரு கணக்கில் சேர்த்து அதற்கு அவன் ஓனர் ஆனான். என்னையும் அம்மாவையும் உறுப்பினர் ஆக்கினான். அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, இதை அமுக்கினால் வட்டு கூட்டும், இதை அமுக்கினால் வாசல் தெரியும் என்று இரண்டே இரண்டு பொத்தானைப் பழக்கிவிட்டான். அப்பாவிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதில் எதுவும் ஏறாது. ஆக அந்த வீட்டில் மூன்று பேர் பார்க்கிறவர்கள், ஒருவர் பார்க்கப்படுகிறவர். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

வாசல் மணியின் வேலை, யார் கேட்டுக்கு முன் வந்தாலும் படம் பிடித்து எங்கள் மூவர் போனுக்கும் அனுப்புவது. பூனை வந்தாலும் அனுப்பும், காற்றில் வாழை இலை ஆடினாலும் அனுப்பும். யாராவது மணியை அமுக்கி, வீட்டில் பதில் இல்லை என்றால் அதுவே இங்கிலீஷில் பேசும். இப்போது வர முடியவில்லை, தகவல் சொல்லுங்கள் என்று.

ஒரு சனிக்கிழமை மாலை, அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, அப்பா கடையிலிருந்து வந்தார். கேட்டில் சாவி போடத் தெரியாமல் தடுமாறி மணியில் கையை வைத்துவிட்டார். அது பேசியது. அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு கால் செருப்பு சாக்கடைப் பக்கம் போய்விட்டது, அதைத் தேடாமல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மணியைப் பார்த்து, “சாரி மிஸ்ஸி. கொஞ்சம் லேட்டாயிருச்சி. நாளைக்கி கரெக்டா பெரட்டுக்கு வந்துருவேன்” என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அதற்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. அப்பா தோட்டத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும், இங்கிலீஷில் ஒரு பொம்பளைக் குரல் கேட்டதும் அவர் உடம்பு தானாக ஆபீஸ் வாசலில் போய் நின்றுவிட்டது. மணி மறுபடியும் அதையே சொன்னது. அப்பா மறுபடியும் சாரி சொன்னார். நாலு தடவை.

அந்த வீடியோ எனக்கு ரயிலில் வந்தது. நான் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். சிரித்த கையோடு அதைக் குடும்ப குரூப்பில் போட்டேன், சிரிக்கும் முகம் ஆறு சேர்த்து. சித்தப்பா பிள்ளைகள், அத்தை, மாமா வீட்டு மருமகள்கள் என்று நாற்பது பேர் இருக்கிற குரூப். அங்கிருந்து அது எங்கே எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ரந்தாவ் முழுக்கப் போனது என்பது மட்டும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் யாரோ ஒருவன் அப்பாவைப் பார்த்து, இரண்டு காலையும் சேர்த்து நின்று, பெரட்டுக்கு வந்தாச்சா என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் ஒரு மகராசன் போனை எடுத்து அவருக்கே காட்டினான். அப்பா முழுதாகப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். சாப்பிடாமல் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். மானம் கப்பலேறியது என்பார்களே, அது என் கையால்தான் ஏறியது.

அதற்குப் பிறகு அப்பா முன் கேட் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். போவதும் வருவதும் பின்சந்து வழியாக. சாக்கடை ஓரத்தில் ஒரு ஆள் நடக்கிற அளவுதான் சிமெண்ட். அதில் பாதிக்குப் பாசி. அம்மாவோடு பேசுவதையும் நிறுத்தினார். அம்மா கையில்தான் அந்தப் போன் இருந்தது, அம்மாதான் அனுப்பியிருப்பாள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அம்மா இல்லை என்று சொன்னாளா, தெரியாது. யார் என்று அவள் சொல்லவில்லை என்பது தெரியும், ஏனென்றால் அப்பா என்னிடம் மட்டும் எப்போதும்போலப் பேசினார். சாப்பிட்டியா, மாப்பிள்ளை எப்படி இருக்காரு, ரயில் லேட்டா. அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கேமராவை மாட்டியது யார் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அண்ணன். அப்போ யார் தப்பு? அண்ணன் தப்பு. இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி வாக்கில் நல்ல மழை. அப்பா பின்சந்தில் வந்துகொண்டிருந்தவர் விழுந்துவிட்டார். ஐந்து மணிக்கு மழை விட்டதும் பின்வீட்டு மலாய்க்கார அக்கா குப்பை போட வந்து பார்த்துச் சத்தம் போட்டாள். அதுவரை அம்மா ஹாலில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அந்த இரண்டு மணி நேரத்தில் வாசல் மணி மூன்று தகவல் அனுப்பியிருந்தது. ஒரு பூனை, பக்கத்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு மோட்டார்சைக்கிள்காரன், மறுபடியும் பூனை. ஆள் நடமாட்டம் எல்லாவற்றையும் சொல்கிற அந்தச் சனியன் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். முன்னாடியே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அண்ணன் கேட்டான். சொல்ல முடியாது என்றார். அந்தச் ‘சொல்ல முடியாது’ எங்கள் மூன்று பேர் வயிற்றிலும் அன்றே போய் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் மாலையில் படையல். செத்தவர் படுத்த அறையில் அவருக்குப் பிடித்ததை எல்லாம் ஆக்கி இலையில் வைத்து, வாசலிலிருந்து இலை வரைக்கும் அரிசி மாவைச் சலித்துத் தூவி, ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். ஒரு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. திறந்து பார்த்தால் மாவில் தடம் இருக்கும் என்பார்கள். பாதமாகவும் இருக்கலாம், பறவைக் கால்போலவும் இருக்கலாம், வெறும் கோடாகவும் இருக்கலாம். ஏதோ ஒன்று இருந்தால் அவர் வந்தார், சாப்பிட்டார், மனக்குறை இல்லாமல் போகிறார். ஒன்றும் இல்லை என்றால் அவருக்கு அந்த வீட்டின் மேல் கோபம். இதை நம்புகிறேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு நம்பினேன். என் அப்பா எங்களோடு கோபமாகப் போகிறாரா இல்லையா என்பதை அந்த மாவு ஒன்றுதான் சொல்ல முடியும்போல எனக்கு இருந்தது. அம்மாவுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? இரண்டு மாதம் பேசாத மனுஷன், பேசாமலேயே போய்விட்டார்.

ஏற்பாடெல்லாம் அத்தை கையில். அப்பாவின் தங்கை, வாயைத் திறந்தால் மூடாதவள். கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொன்னாள். டிவி மேல் துணி போட வைத்தாள். வாசல் மணியைக் கழற்றச் சொன்னாள், அது இருந்தால் எங்கண்ணன் உள்ளே வரமாட்டாரு என்று. அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கழற்றினான். பின்கதவைத் திறந்து வைத்தோம். இவ்வளவும் யோசித்தவர்கள், கட்டிலுக்கடியில் தொங்குகிற விரிப்புக்குப் பின்னால் இருந்த வட்டை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அப்பா போன நாளிலிருந்து அது ஓடவே இல்லை. அண்ணன் அதன் நேரத்தை எல்லாம் நிறுத்தி வைத்திருந்தான்.

இலையில் நண்டுக் குழம்பு, கருவாடு, உப்பு போட்டு அவித்த மரவள்ளி, ஒரு டம்ளரில் கறுப்பு பீர். அத்தை முட்டி போட்டுப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து மாவு சலித்தாள். தரை வெள்ளையாக, ஒரு சுருக்கம் இல்லாமல் வந்தது. கதவைச் சாத்தினாள். மழை பிடித்தது. முன் தாழ்வாரத்துத் தகரத்தில் அடித்த சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்கவில்லை.

கதவுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். எல்லோர் கையிலும் போன். தடம் விழுந்திருந்தால் படம் எடுக்க வேண்டுமே. வர முடியாத சொந்தக்காரர்கள் குரூப்பில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், தொறந்தாச்சா, தொறந்தாச்சா என்று. நான்தான் முன்னால் நின்றேன். கதவு திறக்கும்போதே வீடியோ எடுக்கணும், அப்போதான் யாரோ உள்ளே கால் வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று பேச்சு வராது என்று மற்றவர்களுக்கு விளக்கம் வேறு சொன்னேன். அம்மா எங்களோடு நிற்கவில்லை. சமையலறையில் ஒரு முக்காலியில் தனியாக உட்கார்ந்து, மடியில் போனை வைத்துக் குனிந்திருந்தாள். அப்பா போட்டோவைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அரை மணி போயிருக்கும். அத்தை கதவில் காதை வைத்தாள். அவள் முகம் மாறியது. உள்ளே ஏதோ அசையுது என்றாள். ஒவ்வொருவராகக் காதை வைத்தோம். மழைக்கு அடியில் ஒரு முனகல், சன்னமாக, இங்கும் அங்கும். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள், வந்துட்டாரு, எங்கண்ணன் வந்துட்டாரு என்று. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அண்ணன் ஒருவன்தான் காதை எடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்தச் சத்தம் என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல நின்றான்.

அத்தை ஒரு மணி நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. திறந்தாள். நான் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் சிவப்புச் சிமெண்ட் தரை பளபளவென்று இருந்தது. மாவு இல்லை. மூலையில் மட்டும் கொஞ்சம், பிரஷ் எட்டாத இடத்தில். இலையை வைத்திருந்த பலகையைச் சுற்றி வட்டமாக ஒரு கோடு. கட்டில் விரிப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது, அதற்கடியில் வட்டு பின்னாலேயே நகர்ந்து தன் கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்து, ‘கிளீனிங் கம்ப்ளீட்டட்’ என்றது.

அப்புறம் நடந்ததை நான் பெருமையாகச் சொல்ல முடியாது. நான் அண்ணனைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். செத்தவரைக்கூட நிம்மதியாக வர விடமாட்டாயா என்று கத்தினேன். நான் அமுக்கலை என்றான். டைம் எல்லாம் நிறுத்திட்டேன் என்றான். ஓனர் நீதானே, உன் போனைத் தவிர வேறு எதில் ஓடும் என்று கேட்டேன். அவன் போனைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம் அது என்றுதான் எனக்குப் பட்டது. அத்தை அவனுக்கு விளங்காமல் போகணும் என்று சாபம் கொடுத்தாள். அவன் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கிக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் அத்தோடு விடவில்லை. எடுத்த வீடியோவை அங்கேயே நின்று குரூப்பில் போட்டேன். கீழே, அண்ணன் அப்பாவுக்குச் செய்த கடைசி மரியாதை என்று எழுதினேன். நாற்பது பேரும் பார்த்தார்கள். தூ என்றார்கள், பணம் வந்தால் கண் மண் தெரியாது என்றார்கள். ஒவ்வொன்றும் வர வர எனக்குள் ஏதோ ஆறியது. அவர்கள் அவனைத் திட்டுகிற வரைக்கும் என்னை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

பதினாறாம் நாள் அண்ணன் வந்தான். மொட்டை அடித்தான், பிண்டம் வைத்தான், மகன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். என் பக்கம் திரும்பவில்லை. சாப்பாட்டுக்கு உட்காராமல் கிளம்பிவிட்டான். அன்று அவன் தலையைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இல்லை. நன்றாக வேண்டும் என்றிருந்தது.

அதற்கு மறு வாரம், பேக்டரியில் சாப்பாட்டு நேரத்தில், அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. வேறு ஒரு எழுத்து இல்லை. வட்டின் கணக்கில் வரலாறு என்று ஒரு பக்கம் உண்டு, எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு தரை, யார் ஓட விட்டது என்று. எட்டாம் நாள் தேதிக்கு நேரே ஏழு முப்பத்தெட்டு என்று இருந்தது. அறை ஒன்று மட்டும். சத்தம் குறைந்த ஓட்டம். தொடங்கியது: அம்மா.

நான் தினமும் பார்க்கிற போர்டுகள் அவை. அந்தக் கட்டளை எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு அத்துப்படி. சமையலறை முக்காலியில் உட்கார்ந்து அம்மா ஒரு பொத்தானை அமுக்குகிறாள். அது வீட்டை விட்டு வெளியே போய், கடல் தாண்டி, அங்கே யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு, திரும்ப ரந்தாவுக்கு வந்து, அவளிலிருந்து பத்தடி தூரத்தில் கட்டிலுக்கடியில் இருந்ததை எழுப்பிவிடுகிறது. எல்லாம் இரண்டு மூச்சு விடுகிற நேரம். தெரியாமல் கை பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தெரியாமல் பட்ட கை அந்த அறையை மட்டும் தேர்ந்தெடுக்காது. சத்தத்தையும் குறைக்காது. அண்ணன் பழக்கியது இரண்டு பொத்தான், மீதியை அவளே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரந்தாவுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் கோபம். அண்ணன்மேல் இருந்த கோபத்தை அப்படியே தூக்கி அம்மாமேல் வைத்துக்கொண்டு போனேன், அதைக் கீழே வைக்க எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அவள் பின்கதவுப் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டி, இது என்ன என்று கேட்டேன். அம்மா அதைப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவை இல்லாதவள்போல வெங்காயத்தையே பார்த்தாள்.

ஏன் செஞ்ச என்று கேட்டேன். அண்ணன் அத்தனை பேர் முன்னால் அசிங்கப்பட்டான், நீ வாயைத் திறக்கலையே என்று கேட்டேன். அப்பா கோவமாப் போனாரா இல்லையான்னு தெரிஞ்சுக்க இருந்தது அது ஒண்ணுதானே, அதையும் துடைச்சிட்டியே என்று சத்தம் போட்டேன். சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டில் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

அம்மா கத்தியைத் தட்டில் வைத்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

“அவரு என்மேலதான் கோவமாப் போனாரு. அது எனக்கு மாவு சொல்லித் தெரிய வேணாம். நான்தான் அனுப்பினேன்னு நெனச்சாரு. நெனக்கட்டும்னு விட்டுட்டேன். உன் பேரைச் சொல்லியிருந்தா அவருக்கு மகளும் இல்லாமப் போயிருக்கும்.”

படியில் அவளுக்குக் கீழே உட்கார்ந்தேன். எதிரே அப்பா விழுந்த அந்தச் சிமெண்ட், அந்தப் பாசி. அவள் தினமும் இங்கேதான் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்போ எதுக்கு அமுக்கினே என்று மறுபடியும் கேட்டேன்.

“பத்து பேரு போனைத் தூக்கிக்கிட்டு கதவு முன்னால நின்னீங்க. நீதான் மொத ஆளா நின்ன. அவரு வந்து போன தடத்த போன்ல எடுத்து குரூப்புல போடுவ, நாலு பேரு பாப்பாங்க, காலு கோணலா இருக்கு, அங்கயும் தண்ணி போட்டுட்டுத்தான் வந்திருக்காருன்னு எவனாச்சும் சொல்லுவான், நீங்கல்லாம் சிரிப்பீங்க. ஒரு தடவையாச்சும் அந்த மனுசன் யாரும் பாக்காம இந்த வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்னு அமுக்கினேன்.”

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகத் திரும்பியவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வெறுந்தரையத்தான் விட்டு வெச்சேன். அதையும் நீ எடுத்துப் போட்டுட்ட” என்றாள்.